மெழுகு விரல்

டீ ஆறிப்போகுது, குடிங்க மேடம். விஜயா சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கா. எம் பொண்டாட்டிக்கு ஒருத்தர் ஒரு தடவை குடிச்சாப் போதும், அடுத்த தடவை கேக்கவே மாட்டா.

நீங்க வந்ததுல இருந்து அழுதுக்கிட்டே இருக்கீங்க. "நான்தானே உங்க சின்னம்மாவைக் கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தேன், பாண்டியண்ணா, என்னாலதான் போயிட்டாங்க"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றீங்க. மனசு கேக்கல. உங்களை இன்னைக்கு அம்மிணின்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சாமி எந்தக் கையில இருந்து எந்தக் கைக்குப் போச்சுன்னு ஒண்ணு விடாமக் கண்டுபிடிக்கிறதுதானே உங்க வேலை. இதுல நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. அதைச் சொல்லிட்டா உங்க பாரம் எறங்கிரும்.

வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டது நானேதான். மொத மொத நீங்க இந்தத் தேயிலைத் தோட்டத்து லைன் ஊடுகளுக்கு வந்தப்ப, லண்டன் மியூசியத்துல இருந்து சாமி செலைகளை ஊருக்குத் திருப்பி வாங்குறதைப் பத்தி கோயில் வாசல்ல வச்சுப் பேசுனீங்க. எங்க இருந்து எடுத்தாங்களோ அங்க போய்ச் சேரணும்னு சொன்னப்ப மொதல்ல கை தட்டுனவன் நான். அந்தக் குஷியில எங்க மாரியாத்தா கப்பல்ல வந்த கதையையும் ஒளறிட்டேன். நீங்க அப்படியே நிமிந்து உக்காந்தீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு.

அந்தக் கதையில நான் சொல்லாம விட்டது உண்டு. எங்க ஊர் இலங்கையில அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ரெண்டு கவர்மெண்டும் போட்ட ஒப்பந்தத்துல தோட்டத்து ஆளுகள்ல பாதிப் பேரை இந்தியாவுக்குன்னும் பாதிப் பேரை இலங்கைக்குன்னும் பிரிச்சாங்க. எங்கப்பா கோயில் பூசாரி. எங்களுக்கு இந்தியான்னு வந்தது. எங்கம்மா தெய்வம்மாவோட கூடப்பொறந்த தங்கச்சி ஆண்டாயி, சின்னப் பொண்ணு, அது அங்கயே தங்கிருச்சு. கெளம்பறப்ப எங்கப்பா ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேக்காம கோயில்ல இருந்த அம்மாளை எடுத்துட்டு வந்துட்டாரு. அது தப்புதான், நான் மறுக்கல.

தலைமன்னார்ல கப்பல் ஏறுறப்ப பெட்டி பெட்டியாத் தொறந்து பாத்தாங்க. எங்கம்மா கைக்கொழந்தையோட நின்னுச்சு. அந்தத் துணிக்குள்ள எந்தங்கச்சி அங்கம்மா, அவ நெஞ்சோட ஒட்டி ஒரு சாண் ஒசரத்துல வெங்கல மாரியாத்தா. தூங்குற பிள்ளையை யாரு உருவிப் பாப்பா? கடல் காத்துல அந்தக் குளுந்த வெங்கலம் பிள்ளை மேலயே கெடந்துச்சு. கடல் தாண்டி வந்தவங்களைத் தங்க வச்ச மண்டபம் கேம்ப்ல நெஞ்சுச்சளி கட்டி அங்கம்மா செத்துப்போச்சு.

எங்கம்மா அழுகல. அந்தத் துணியையும் அவுக்கல, அம்மாளை அதோடவே மடியில வச்சுக்கிச்சு. இந்த மலைக்கு வந்து வேல கெடைச்சு, லைன்ல ஒரு ஊடு குடுத்து, கோயில் கட்டுன பெறகும் அம்மாளுக்குப் பால் காட்டிட்டுத்தான் எனக்கு ஊத்தும். திரைக்குள்ள குளிப்பாட்டறப்ப அங்கம்மான்னுதான் கூப்பிடும். ஊருக்கு அவ ஆத்தா. எங்க ஊட்டுக்கு அவ பொண்ணு, எனக்குத் தங்கச்சி.

நீங்க அட்டனுக்குப் போய்ப் பேசிட்டு வந்தீங்க. இருந்த எடத்துல வெறும் கல்லை வச்சு இன்னமும் வெளக்கேத்தறாங்க, அம்மா வருவான்னு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீங்க சொன்னப்ப எங்க லைன் பெரியவங்க தலை குனிஞ்சுட்டாங்க. ஏழைக்கு ஏழை எடுத்து ஒளிச்சு வச்சுக்கறது எந்த நாயம்னு கேட்டாங்க. லண்டன்காரன் தரணும்னா நாமளும் தரணும்னாங்க. நானும் ஆமான்னேன். பூசாரி வேற என்ன சொல்றது?

ஆனா இது அதே செலைதான்னு உறுதி வேணும்னு நீங்க சொன்னீங்க. பழைய போட்டோ கெடைச்சும் ஒதவல. எல்லாத்துலயும் பட்டும் சந்தனமும் சாத்தியிருக்கும், மொகம் மட்டும்தான் தெரியும். திரைக்குள்ள குளிப்பாட்டறவங்களைத் தவிர ஒருத்தரும் அவ ஒடம்பைப் பாத்தது கெடையாது. அங்க குளிப்பாட்டறது வயசுக்கு வராத ஒரு பொண்ணு. கடைசியா அந்த வேலையைச் செஞ்சது எங்க சின்னம்மா ஆண்டாயிதான். அவங்களைக் கூட்டிட்டு வரலாம், அடையாளத்தை எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும், சரியா இருந்தா அம்மா திரும்பிப் போகட்டும்னு முடிவாச்சு.

அடையாளம் என்னன்னு எனக்குத் தெரியும். எடது கையில சுண்டுவிரல் கெடையாது. சின்னம்மா சின்ன வயசுல பீலிக்கரையில வச்சுக் கழுவறப்ப கை நழுவிக் கல்லுல விழுந்து ஒடஞ்சுபோச்சு. பீலின்னா மூங்கில் வழியாத் தண்ணி ஊத்துற எடம், அங்கத்துப் பேச்சு. ஒடைஞ்ச செலையைக் கும்பிடக் கூடாதும்பாங்களே, அதனால அக்காளும் தங்கச்சியும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாம தேன்மெழுகுல ஒரு விரல் செஞ்சு ஒட்டிட்டாங்க. எங்கம்மா கண்ணை மூடற வரைக்கும் அந்த விரலை மாத்தி மாத்தி ஒட்டுச்சு. அப்பறம் நான்.

நீங்க கேப்பீங்க, வெங்கல விரலே செஞ்சு நெருப்புல பத்த வச்சு ஒட்டியிருக்கலாமே, அடையாளமே இல்லாமப் போயிருக்குமேன்னு. யோசிக்காம இல்ல. குன்னூர்ல எனக்குத் தெரிஞ்ச பத்தவைக்கிற ஆளு இருக்கான். அவளை எடுத்துத் துணியில சுத்துனேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். நெருப்பைக் காமிச்சா அவளுக்கு வலிக்குமேன்னு தோணுச்சு. பாம்புன்னு அடிக்கவும் முடியல, பழுதுன்னு தாண்டவும் முடியல. திரும்பி வந்துட்டேன். அவ மேல கை வைக்கிற பாவத்தை நான் செய்யல.

சின்னம்மா வந்து எறங்குனப்ப நீங்களும் இருந்தீங்க. என் மொகத்தை ரெண்டு கையாலயும் புடிச்சு, "அக்கா மாதிரியே இருக்கியே மகன்"னாங்க. நல்ல மனுசி. எங்க ஊட்டுலதான் தங்குனாங்க. விஜயா கூட உக்காந்து கீரை ஆஞ்சாங்க, இங்க கொழுந்து எடுக்கிற மாதிரி அங்க எடுத்தா கங்காணி கூடையை ஒதைப்பான்னு சொல்லிச் சிரிச்சாங்க. எங்கம்மா படத்தை முந்தானையால தொடச்சுப் பொட்டு வச்சாங்க. எனக்கு அவங்களைப் புடிச்சிருந்துச்சு. அதுல பொய் கெடையாது.

அந்தச் சமயத்துல ஓடைக்கரையில ஒரு ஒத்தைக் காட்டெருமை வந்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. கூட்டத்துல வர்ற எருமை ஒண்ணும் செய்யாது, நாம பாட்டுக்குப் போலாம். ஒத்தையா நிக்கிறது, அதுலயும் காலு அடிபட்டது, முட்டாம விடாது. பாரஸ்ட் வாட்ச்சர் லைனுக்குள்ளயே வந்து, ஓடைப்பக்கம் ஒருத்தரும் எறங்கக் கூடாதுன்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போனாப்ல. அப்ப சின்னம்மா உங்க கூடக் கோத்தகிரிக்குப் போயிருந்தாங்க. வந்ததும் சொல்லிருவோம்னு விஜயா சொன்னா. வந்தவங்களை எதுக்குப் பயமுறுத்தறே, நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்னேன். சரிங்கன்னுட்டா. என் பேச்சை அவ மீற மாட்டா.

செவ்வாய்க்கெழமை அடையாளம் சொல்றதுன்னு இருந்துச்சு. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை அம்மாளைத் தன் கையால குளிப்பாட்டணும்னு சின்னம்மா கேட்டாங்க. பெரியவங்களுக்கும் சந்தோசம். எங்க மொறை உங்களுக்குத் தெரியும். குளிப்பாட்டறவங்களேதான் தண்ணி எடுக்கப் போகணும், தனியாப் போகணும். கொடத்தை இடுப்புல வச்ச பெறகு வாயத் தொறக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்தா தண்ணி தீட்டு. எங்கம்மா போறப்ப நான் பின்னால நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாப்பேன், வெளையாட்டுக்கு. ஒரு நாள் கூடத் திரும்புனது இல்ல.

விடிஞ்சு மூடுபனி எறங்கியிருந்துச்சு. சின்னம்மா குளிச்சிட்டு ஈரச்சேலையோட வந்தாங்க. லைனுக்கு மேல, பேக்டரி போற வழியில, சிமெண்ட் தொட்டிக்குப் பைப் தண்ணி வருது. நாங்க ரொம்ப வருசமா அங்கதான் கோயிலுக்கு எடுக்கறோம். சின்னம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? "பீலி எந்தப் பக்கம் மகன்?"ன்னாங்க.

நான் ஓடைப்பக்கம் கையைக் காமிச்சேன்.

அவங்க கொடத்தை வாங்கிக்கிட்டாங்க. தேயிலைக்கு நடுவுல போற ஒத்தையடிப் பாதையில எறங்குனாங்க. அந்த வயசுக்கு நல்ல நடை. பனியில சேலை மறைஞ்சதுக்கு அப்பறமும் நான் அங்கயேதான் நின்னேன். கூப்பிட்டிருக்கலாமேம்பீங்க. திரும்ப மாட்டாங்க அம்மிணி, மொறை தெரிஞ்ச மனுசி. கூப்பிட்டு என்ன பிரயோசனம்? கொடம் கல்லுல விழுந்து உருள்ற சத்தம் கேட்டுச்சு. அவங்க சத்தம் கேக்கல. அப்பவும் வாயத் தொறக்கலையோ என்னமோ.

தூக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். தலைப்பக்கம் புடிச்சேன். போலீஸ் வந்து விசாரிச்சிட்டு, தெரியாத எடத்துல பாவம் தண்ணிக்குப் போயிட்டாங்கன்னு எழுதிக்கிட்டாங்க. நீங்க மயங்கி விழுந்தீங்க, விஜயாதான் தண்ணி தெளிச்சா. அவ அன்னையில இருந்து எங்கிட்ட முன்ன மாதிரி பேசறது இல்ல. சோறு மட்டும் வேளைக்கு வந்துருது.

இப்ப நீங்க வந்து சொல்றீங்க, அடையாளம் சொல்ல ஆள் இல்லாததால அட்டன்காரங்க கோரிக்கையை வாபஸ் வாங்கிட்டாங்கன்னு. ஆண்டாயி இந்தியாவுலதானே மண்ணாயிருக்கா, அவ இருக்கற எடத்துலயே அம்மாளும் இருக்கட்டும்னு சொல்லி ஒரு சேலை வேற குடுத்து விட்டிருக்காங்க. நல்ல ஜனங்க. வெள்ளிக்கெழமை அதைச் சாத்திடறேன்.

ஒரு விசயம் மட்டும் பாக்கி. நீங்க எல்லாத்தையும் முழுசாத் தெரிஞ்சுக்கணும்ங்கறவங்க, அதனால அதையும் சொல்றேன்.

நான் கையைக் காமிச்ச பெறகு, கொடத்தை இடுப்புல வைக்கறதுக்கு முன்னால, சின்னம்மா முந்தானை முடிச்சை அவுத்துக் காட்டுனாங்க. உள்ள ஒரு உருண்டை தேன்மெழுகு. அங்க இருந்து கொண்டாந்திருக்காங்க. மெதுவாச் சொன்னாங்க: "ஒரு தடவை குளிப்பாட்டி, என் கையால அந்த விரலை வச்சிட்டுப் போயிர்றேன் மகன். எல்லாரும் கேக்குறப்ப எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லேன்னுருவேன். எங்கக்கா ஒரு பிள்ளையைக் குடுத்து வாங்குனது இது. இங்கயே இருக்கட்டும்."

அப்பறம்தான் கொடத்தை இடுப்புல வச்சாங்க. அதுக்கு மேல அவங்க பேசக்கூடாது. நான் பேசலாம். எனக்கு எந்த மொறையும் தடை இல்ல. பீலி அந்தப் பக்கம் இல்ல சின்னம்மா, மேல இருக்குன்னு ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு ஞாபகம் இல்லேங்கறவங்களுக்கு நாளைக்கு ஞாபகம் வந்துட்டா என்ன செய்யறதுன்னு ஒரு நெனப்பும் கூடவே வந்துச்சு. அதுக்குள்ள அவங்க எறங்கிட்டாங்க.

தூக்குறப்ப முந்தானையில இருந்து எடுத்த அந்த மெழுகை நான் போலீஸ்ல குடுக்கல. போன அமாவாசைக்கு அதுலதான் விரல் செஞ்சேன். நல்ல மெழுகு, பழசை விட நெருக்கமா ஒட்டியிருக்கு.

நீங்க போய் யார்கிட்டச் சொல்லணுமோ சொல்லுங்க அம்மிணி, நான் எங்கயும் ஓட மாட்டேன். ஆனா உங்களால போச்சுன்னு மட்டும் இனி அழுகாதீங்க. என்னாலயும்னு சொல்ல முடியாது. நான் கையை மட்டும்தான் நீட்டுனேன். அந்த எருமையை அங்க கொண்டாந்து நிறுத்துனது எந்தங்கச்சி.