பத்துக்குப் பூச்சியம்

ஓம் பிள்ளை, கதிரை சும்மாதான் கிடக்கு, இருங்கோ. என்னைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. பிந்திக் கூப்பிட்டாலும் எனக்குச் சந்தோசந்தான். உள்ளுக்குப் போய் நேர்சிட்ட உள்ளதைச் சொல்லுவனோ, வழமைபோல ஒண்டுமில்லை எண்டிட்டு வந்திடுவனோ, எனக்கே தெரியேல்லை.

சிரிக்காதேங்கோ. என்ர கடைசி மெலனியும் நேர்சிங் படிக்கிறா. மூத்ததுகள் கலியாணம் கட்டி அங்கால கர்க்லாண்ட் எண்ட ஊருக்குக் குடிபோட்டுதுகள். வீட்டில அவவுக்கு அம்பிட்ட ஒரே நோயாளி நான்தான். வெங்காயம் வெட்ட விடமாட்டா, கையைப் பிடிச்சு நாடி பாப்பா. ஒருநாள் கேட்டா, அம்மா, உங்கட நோவுக்குப் பத்துக்கு எத்தினை போடுவியள்? நான் பூச்சியம் எண்டன். பொய்யில்லைப் பிள்ளை. தவக்காலம் தொடங்கேக்கயே நோவையெல்லாம் ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்திட்டன். குடுத்த சாமானைப் பேந்து என்ர எண்டு சொல்லலாமோ?

அவ டீச்சருக்குக் காட்டுற நோயாளிக் குறிப்பில என்ன எழுதினா தெரியுமோ? நோயாளி பொய் சொல்றா எண்டு. பெத்த தாயை! டீச்சர் அதைச் சிவப்பால வெட்டிப்போட்டாவாம். பொய் எண்டது உன்ர எண்ணம், அதை ஆர் கேட்டது? நோயாளி சொன்னதை அவவின்ர வாயில வந்தபடியே ஒரு பக்கம் எழுது. நீ கண்டது, தொட்டது, அளந்தது மற்றப் பக்கம். ரெண்டையும் போட்டுக் குழைக்காதை எண்டாவாம்.

ஓமோம், நல்ல மனுசி. மெலனி திருத்தி எழுதி எனக்கு வாசிச்சும் காட்டினா. ஒரு பக்கம், நோ இல்லை, ஆண்டவரிட்டக் குடுத்திட்டன் எண்டு சொல்றா. மற்றப் பக்கம், பிரஷர் இவ்வளவு, நாடி இவ்வளவு. மேல்தட்டில கோப்பை எடுக்கேக்க வலக்கையைத் தூக்கேல்லை, இடக்கையால எடுத்தா, முகத்தைச் சுழிச்சா.

எனக்குத் திக்கெண்டுது. பாருங்கோ, முகத்தை ஒப்புக்குடுக்க மறந்துபோனன்!

ஏனம்மா எண்டு கேட்டா. மா குழைச்ச கை எண்டு சமாளிச்சன். அவவுக்குச் சோதினை வருகுதெல்லே. இப்பவும் நான் செபக்கூட்டத்துக்குப் போட்டன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறா. ஆண்டவர் கோவிக்கமாட்டார், நான் எங்க இருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியுந்தானே.

ஆனா ஒண்டு. மற்றப் பக்கத்தை இஞ்ச உள்ளுக்கு இருக்கிற நேர்ஸ் பாத்து எழுதிப்போடுவா. என்ர பக்கத்தை நான் வாயைத் திறந்தாத்தானே எழுதலாம்? எங்க தொட்டுப் பாக்கிறது எண்டும் அவவுக்குத் தெரியவேணுமே.

உங்கட பேர் என்ன? சிவாஜினியோ, வடிவான பேர். வாசலில இருக்கிற பிள்ளையோட நீங்கள் பிரெஞ்சில பொரிஞ்சு தள்ளினதைக் கேட்டனான். எனக்குப் பொஞ்சூர், மெர்சியோட சரி.

ஐயோ, யோசெப்பின் எண்டு கூப்பிடுகினம். நான்தான். பிள்ளை, ஒருக்கா என்னோட உள்ளுக்கு வருவியளோ? இதில பாருங்கோ, கமக்கட்டுக்குக் கீழ. கட்டி எண்டதுக்குப் பிரெஞ்சில என்ன சொல்றது? மெலனியிட்டக் கேக்க மனம் வரேல்லை.