தூணைத் தாண்டுற வரைக்கும்

இல்ல சார், நான் பின்னாடி வர மாட்டேன். முன்னாடிதான் உக்காருவேன். பின்னாடி உக்காந்தா எனக்குக் குமட்டும். படகுக்காரர் பொண்ணுக்குக் குமட்டுமான்னு கேக்காதீங்க, சமையல்காரர் வீட்டுலயும்தான் வயித்துவலி வருது. நீங்க அந்த ஓரத்துப் பெஞ்சுலயே இருங்க. எங்கப்பா எப்படி ஓட்டுறார்னு பாக்கத்தான ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்க, பாருங்க. லைசென்ஸ் உங்க கையில இருக்கு. நான் எங்க உக்காந்தா என்ன?

மறைக்குமா? யாருக்கு, அப்பாவுக்கா? நான் அவ்வளவு பெரிய ஆள் இல்ல சார். மறைக்காது. சத்தியமா மறைக்காது.

ஆமா, பேசுவேன். கரையில என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. தூண்டில் போட எங்க படகுல ஏறுறவங்க எல்லாம் முறைப்பாங்க, உன் வாயால மீன் ஓடுதுன்னு. அங்க மீன் கழுவுற தொட்டிகிட்ட ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்கதான் எங்கம்மா. அவங்ககிட்டயும் சொல்லிப் பாத்துட்டாங்க, இவளைக் கரையில நிறுத்திக்குங்கன்னு. அம்மா காதுலயே போட்டுக்கல.

படகைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அடியில ரெண்டு உருளை, மேல பலகை, சுத்திக் கம்பி. மிதக்கும், அவ்வளவுதான். சொந்த புத்தி கிடையாது. காத்து எங்க தள்ளுதோ அங்க போகும், தூங்குற எருமை மாதிரி. அப்பா கையில இருக்கே அந்த மோட்டார், அது பேட்டரியில ஓடுது. எங்க வீட்டு மிக்ஸிக்கு அதைவிட ஆவேசம் ஜாஸ்தி. கைப்பிடியை இடது பக்கம் தள்ளினா படகு வலது பக்கம் போகும். புதுசா பிடிக்கிறவன் என்ன பண்ணுவான்னா, தள்ளிட்டோம், திரும்பலயேன்னு இன்னும் தள்ளுவான். அப்புறம் அது திரும்ப ஆரம்பிச்சா நிக்காது. கொஞ்சம் தள்ளிட்டு சும்மா இருக்கணும். எனக்கு அந்தச் சும்மா இருக்கறது வராது. அப்பாவுக்கு வரும். பாருங்க, கை அசையறதே தெரியுதா? மோட்டார் சத்தமும் இல்ல. உருளையில தண்ணி தட்டுறதுதான் கேக்குது.

இருங்க, இந்த மூலைக்கு வந்துக்கறேன். வெயில் கண்ணுல அடிக்குது.

பாத்தீங்களா, நீங்க சொன்ன சிவப்பு மிதவையைச் சுத்தி வந்தாச்சு. முட்டல, உரசல. நீங்க சிரிச்சா என்ன சார், குறைஞ்சா போயிடுவீங்க?

அந்தப் புகாரா? தெரியும், அதுக்குத்தான நீங்களே வந்தீங்க. அன்னைக்கு ஒருத்தர் வலது பக்கக் கம்பியில சாஞ்சுக்கிட்டு போன்ல மச்சினனைத் திட்டிக்கிட்டே வந்தார். உங்களை மாதிரி மெதுவா பேசறவர் இல்ல. ஊரைக் கூட்டுற தொண்டை. படகு அப்படியே வலது பக்கமாப் போயி, சும்மா நின்னுக்கிட்டிருந்த இன்னொரு படகுல இடிச்சிருச்சு. யாருக்கும் அடி இல்ல. ஒரு வாளி மீன் கவுந்துது, அதுவும் தப்பிச்சோம்னு போயிருச்சு. காத்துதான் காரணம். அப்படித்தான் சொல்லணும்னு அம்மா... காத்துதான் சார். எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால இதோட விட்டுருங்க.

ஸ்கூலா? பத்தாவதுல நின்னுட்டேன். படிப்பு ஏறலையான்னா, ஏறுச்சு. டீச்சர் வீட்டுக்கே வந்தாங்க, ஏன் அனுப்பலன்னு. அம்மா குனிஞ்சு தரையைப் பாத்தாங்க. அப்பா வாசல்ல போயி மோட்டாரைத் துடைக்க ஆரம்பிச்சார், காலையிலயே துடைச்ச மோட்டாரை. நான்தான் சொன்னேன், எனக்குப் படிக்கப் பிடிக்கலன்னு. பொய் வராதுன்னு இப்பதான சொன்னேன். அந்த ஒண்ணு வந்துச்சு.

உங்களுக்கு என்ன, சரியில்லன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிடுவீங்க. எங்க வீட்டுல மூணு பேரும் இந்தப் பலகை மேலதான் நிக்கறோம். இதை எடுத்துட்டா அப்பாவுக்கு வேற எதுவும் தெரியாது. கரையில உக்காந்து கையைப் பிசைவார். ஒருநாள் அப்படி உக்காந்தார், பாத்திருக்கேன். அன்னைக்கு அம்மா அவர் பக்கமே போகல.

அதோ பழைய பாலம். அந்த ரெண்டு தூணுக்கு நடுவுல போகணும், அதோட உங்க டெஸ்ட் முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஒரு கை அகலம்தான் மிச்சம் இருக்கும். காத்தும் பக்கத்துலேர்ந்து வருது, இன்னைக்குன்னு பாத்து.

என்ன சார்? பேசாம வரணுமா? தூணைத் தாண்டுற வரைக்குமா? என் சத்தத்துல உங்களால அவரைக் கவனிக்க முடியலையா? சரி. நியாயம்தான். நீங்க ஆபீசர், நான் யாரு. மூடிக்கிட்டேன்.

முடியல சார். இல்ல, திமிர் இல்ல. முன்பக்கம் எங்க போகுதுன்னு பாருங்க, இடது தூணைப் பாத்துப் போகுது. அப்பா, இங்க. கொஞ்சம் இங்க. ம்.

நான் பேசிக்கிட்டே இருந்தாதான் நேரா போகும். அதனால இதையே பேசிடறேன். அப்பாவுக்குக் கண்ணு தெரியாது சார். வெளிச்சம் தெரியும், கரை ஒரு கறுப்புக் கோடா தெரியும், அவ்வளவுதான். நரம்பு வாடிப்போச்சு, ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு டாக்டர் சொல்லிட்டார். கிளம்பும்போது பாக்காமலே கயிறு அவுக்கறாரேன்னு மெச்சிக்கிட்டீங்க. பாக்க முடிஞ்சா பாத்தே அவுத்திருப்பார். என் குரல் எங்க இருக்கோ அங்க திருப்புவார். நல்ல பெட்ரோல் மோட்டாரை வித்துட்டு இதை மாட்டினது மீன் மிரளக் கூடாதுன்னு இல்ல. அந்த இரைச்சல்ல நான் பேசறது கேக்காது. என்னையே ஓட்ட விடலாம்தான். வயசு பத்தாதுன்னு சொன்னது உங்க ஆபீஸ்.

அப்பாவுக்குக் கேக்குது. கேக்காம என்ன. திரும்பி அவர் முகத்தைப் பாக்காதீங்க சார். வேண்டாம்.

நான் பேசற ஆளே இல்ல. கிளாஸ்ல பேரைக் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லாம கையைத்தான் தூக்குவேன். இப்ப விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் இங்க உக்காந்து வாய் ஓயாம பேசறேன். என்கிட்ட இருந்த பேச்சு எல்லாம் தீந்துபோச்சு. நேத்து ஷாம்பு டப்பாவுல எழுதியிருந்ததை மனப்பாடமா ஒப்பிச்சேன், எப்படித் தேய்க்கணும், எப்படி அலசணும்னு. வந்தவர் அம்மாகிட்ட போயி, பொண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னார். வீட்டுக்குப் போனா நான் வாயைத் திறக்கறதில்ல. அப்பாவும் ஒண்ணும் கேக்கறதில்ல. சாப்பிட்டுட்டு சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன்.

லைசென்ஸ் குடுத்தீங்கன்னா நாளைக்கும் நான் இங்கதான். அடுத்த வருஷமும் இங்கதான். குடுக்கலன்னா அவர் என்ன ஆவார்னு எனக்குத் தெரியாது. ரெண்டுல எது உனக்கு வேணும்னு என்கிட்ட மட்டும் கேக்காதீங்க.

அய்யோ, எழுந்திருக்காதீங்க சார். கத்தாதீங்க. தூணு பக்கத்துல வந்துருச்சு. திட்டறதை எல்லாம் அந்தப் பக்கம் போனதும் திட்டுங்க, கேட்டுக்கறேன். நீங்க அங்க நின்னு கத்தினா அவர் உங்க பக்கம் திருப்பிடுவார்.

இங்கப்பா. அவர் இல்ல, நான். இங்க.