வில் பிடிக்கும் கை

"உன்ரை மிசின் எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லுதோ?"

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் வயலின் பெட்டியை மடியில் வைத்திருந்த பெண் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளுடைய தங்கை. கம்பஸில், வயலின் வாசிப்பவர்களின் கையசைவைத் தரம் பிரிக்கக் கணினிக்குப் பழக்கும் ஆராய்ச்சி செய்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அப்பிடியில்லை அக்கா. வலக்கையிலை கட்டின சென்சர் அளந்ததைப் பாத்து, புதுசா வாசிக்கப் பழகுற ஆக்களோடை உங்களைச் சேர்த்திருக்கு."

"இருபது வருசமாக் கச்சேரி வாசிக்கிறன். உதுக்குச் சொல்லிக்குடுத்த நீதான் பிழை."

"போன மாசம் உங்களுக்குச் சரியாத்தானே சொன்னது! இப்ப வில்லுத் திரும்புற இடத்திலை மணிக்கட்டு நிண்டு நிண்டு போகுது. மூண்டு தரம் பாத்திட்டன்."

அக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீர்வேலி வாழைத்தோட்டங்கள் கடந்து போயின.

"கதையுங்கோவன்."

"விரல் விறைக்குது. ரண்டு கிழமையா."

"ஐயோ! ரண்டு கிழமையா நான் மிசினிலை பிழை தேடிக்கொண்டிருக்கிறன். ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் வெள்ளிக்கிழமை நடன அரங்கேற்றத்துக்கு வாசிக்க விடுவியே?"

தங்கை வயலின் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் யாழ்ப்பாணத்தில் நின்றதும் எழுந்தாள்.

"வாங்கோ. முதல் ஆஸ்பத்திரி. பிறகுதான் அரங்கேற்றம்."

அக்கா ஏதோ முணுமுணுத்தாள். ஆனால் படியில் இறங்கும்போது, வலக்கையை நெஞ்சோடு அணைத்தபடி, இடக்கையால்தான் கம்பியைப் பிடித்தாள்.