இரண்டாவது கரண்டி

இறைச்சியைக் கழுவியவுடன் சட்டியில் போடக் கூடாது. துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கப் போகும்வரை திறந்து வைக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் அது வறுபடாது, வேகும். வெளிப்புறம் சாம்பல் நிறமாகி, பார்க்கவே பிடிக்காது. இவ்வளவு சின்ன விஷயம் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில், வெங்காயத்துக்கே நாள் பார்க்கும் வீட்டில் வளர்ந்த நான்தான் அதை ஒழுங்காகச் செய்தேன்.

மேடம், எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக் கொடு என்றீர்கள். பள்ளியில் படித்தது மலையாளம், யோசிப்பது தமிழில். இதை மொழிபெயர்க்க யாரையாவது பிடிப்பீர்கள். கவனமான ஆளாகப் பிடியுங்கள். என் முதல் வாக்குமூலத்தில் ஒன்றைத் திருத்த வேண்டும். நேற்று நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றும் பாக்கி இருக்கிறது: ஸிங்கில் சாஸ் ஒட்டிக்கிடந்த இரண்டாவது கரண்டி யாருடையது என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

பாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் ஓமனா டீச்சர் மாலைநேரச் சமையல் வகுப்பு நடத்துகிறார். பகலில் ஆடிட்டர் ஆபீஸில் டைப் செய்துவிட்டு அங்கே போவேன். வீட்டுக்கு வந்ததும் அன்று கற்றதை டைரியில் எழுதுவேன், என் தவறுகளையும் சேர்த்து. என் கைமேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் எதையும் எடைபோட்டுத்தான் போடுவேன். எடைபோட்டதை மறுபடியும் எடைபோடுவேன். கேஸை மூடினேனா என்று பார்க்க, இறங்கிய படியைத் திரும்ப ஏறுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். தன்மேல் நம்பிக்கையுள்ளவர்கள் சமைத்ததை நான் பார்த்திருக்கிறேன், பாத்திரத்தைக் கழுவியுமிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. சுவாமிக்கு நைவேத்தியம் ஆவதற்குமுன் நாக்கில் பட்டால் அது எச்சில். கரண்டியை வாயில் வைத்துவிட்டுப் பாத்திரத்தில் விட்டால் பாத்திரம் முழுவதும் எச்சில். இந்த வழக்கத்தை வகுப்பிலும் நான் விடவில்லை. கோழியோ மீனோ மாடோ, சொல்லிக்கொடுத்ததைச் சமைப்பேன். ருசி பார்க்க மாட்டேன். சமைப்பது கைவேலை, சாப்பிடுவது வேறு. யோசிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். அப்பாவுக்கு இதை விளக்குவது கஷ்டம் என்பதால், முட்டையில்லாத கேக் படிக்கப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். கேக்கும் படித்தோம், அதனால் அது முழுப் பொய் அல்ல.

ஓமனா டீச்சர் என் வழக்கத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். “மோளே, கையும் கணக்கும் உனக்கு உண்டு. நாக்கு இல்லை. நாக்கு பிரணவ் தரும், கேட்டோ.”

பிரணவ் எங்கள் தெருதான். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. காலையில் நெற்றியில் சந்தனத்தோடு கோயிலைச் சுற்றிவிட்டு, மாலையில் வகுப்பில் எலும்பை உறிஞ்சுகிறவன். எதையும் அளந்து போட்டதில்லை. உப்பை உயரத்திலிருந்து தூவுவான், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடித்தவர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

அவன் மரக்கரண்டியைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு என் அடுப்புக்கு வருவான்.

“என்னடி ஜானு இது, ஆஸ்பத்திரிக் கஞ்சியா? உப்பெங்கே?”

“அளந்துதான் போட்டிருக்கேன்.”

“அளந்தாப் போறுமா? உனக்கு நாக்கு நானாக்கும். மாசாமாசம் சம்பளம் தரணும், கேட்டியா.”

நக்கிய கரண்டியை மறுபடி உள்ளே விடுவான். எச்சில், விடாதே என்பேன்.

“கொதிக்கறதுடி. உன் எச்சில் ஆசாரமெல்லாம் அந்த மாட்டுக்குத் தெரியுமோ?”

கூடப் படிக்கும் ஆர்ஷா முதல் ஆளாகச் சிரிப்பாள். அவளுக்கு எச்சில் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனாலும் சிரிப்பாள்.

வகுப்போடு பொன்முடி மலைக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது கல்லாற்றில் வண்டி நின்றது. பிரணவ் ஒரு சின்னக் கடையில் பரோட்டாவும் பீஃபும் சாப்பிட்டுவிட்டு, ஆற்றில் வாய் கொப்பளித்து, கிராம்பை மென்றுகொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அம்மாக்கு மணம் அடிச்சா என் கதை முடிஞ்சது. எங்காத்துல நீ மூச்சு விடாதே. உங்காத்துல நானும் விடமாட்டேன். முட்டையில்லாத கேக்கு!” என்று சொல்லி முழங்கையால் இடித்தான்.

என்னையும் அவனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினான். அன்று எதுவும் தீர்மானிக்கவில்லை. கிராம்பு வாசனை குமட்டியது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரணவுக்கு முந்திரிப்பருப்பு, எங்கள் தெருப் பேச்சில் அண்டிப்பருப்பு, ஆகாது. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு பூணூல் கல்யாணத்தில் பாயசம் குடித்து முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப்பின் எங்கள் தெருவில் யார் வீட்டில் பாயசம் வைத்தாலும், முந்திரி வறுத்துக் கொட்டுவதற்குமுன் அவனுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைப்பார்கள். அம்மாவும் எடுத்துவைப்பாள். அந்தக் கிண்ணத்தை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒரு தடவைகூட நான் கிண்ணத்தை மாற்றிக் கொடுத்ததில்லை. கவனமான பெண் என்று அவன் அம்மா சொல்வாள்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு டீச்சர் வருஷாவருஷம் ஆட்களை அழைப்பார். இந்த முறை பயணிகள் கப்பலுக்குச் சமையல் ஆள் எடுக்கும் ஒருவரும் வருவதாக இருந்தது. வகுப்பிலிருந்து ஒருவரை எடுப்பார், ஒருவரை மட்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் நான் டைப் செய்வதை யாரும் படிப்பதில்லை. எடைபோட்டுச் சமைக்கிறவளை மதிக்கும் சமையலறை கடலில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. விருந்தின் முக்கியப் பண்டமான பீஃப் ரோஸ்டையும் அதன் சாஸையும் டீச்சர் எனக்குத்தான் கொடுத்தார். ரோஸ்ட் கண்ணளவுக்கு நிற்காது, அதற்குத் தெர்மாமீட்டர் வேண்டும், பொறுமை வேண்டும் என்றார். ருசி மட்டும் வழக்கம்போல் பிரணவ்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கப்பல்காரர் சும்மா எட்டிப்பார்க்க வந்தார். இறைச்சியை நான் வறுத்து, ஓவனில் வைத்து, உள்சூடு பார்த்து எடுத்து, அறுக்காமல் ஆறவிட்டிருந்தேன். சட்டியில் தங்கிய சாற்றில் வெங்காயம், காரட் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, மைதா சேர்த்துச் சாஸ் செய்திருந்தேன். பிரணவ் வந்தான், நக்கினான், ஓர் ஆரஞ்சைப் பிழிந்தான், குறுமிளகைக் கையால் நசுக்கிப் போட்டான், உப்பைத் தூவினான். இவ்வளவுதான் அவன் செய்தது.

“சாஸ் யாரு உண்டாக்கியது?” என்று கேட்டார் கப்பல்காரர்.

“சாஸ் என் கை சார். மாம்சம் ஜானுவோடது” என்றான் பிரணவ்.

“மாம்சம் மீட்டர் இருந்தால் ஆரும் செய்யும்” என்று சொல்லி, அவர் அவனுடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிரணவ் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவனிடம் எண்ணம் என்று எதுவும் இருந்ததில்லை. படி இறங்கும்போது, “கப்பல்ல போனா உனக்கு போட்டோ அனுப்பறேன்டி” என்றான். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை அவன் சொல்வது சரியாக இருக்குமோ? என் சமையலில் ஏதோ இல்லையோ? ருசி பார்க்காதவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இன்னொருவன் நாக்கை நம்பி வாழவேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று சாஸில் மைதாவைக் குறைத்து, ஊறவைத்த முந்திரியைப் பாலாக அரைத்து விட்டேன். வழவழவென்று கூடி வந்தது. மைதாவைவிடப் பளபளப்பு அதிகம். முதல் வாக்குமூலத்தில் இதைக் கைப்பழக்கம் என்று சொன்னேன்: வீட்டில் குருமாவுக்கு முந்திரி அரைத்து விடுவோம், பதற்றத்தில் அதே கை போய்விட்டது என்று. நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். பாவம், பயந்துபோன பட்டர் வீட்டுப் பெண் என்று உங்கள் கான்ஸ்டபிள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். யாரும் யோசிக்கவில்லை. வருஷமெல்லாம் உப்பை இரண்டு தடவை எடைபோட்டவளின் கை எங்கே தானாகப் போகும்?

பிரணவை நான் கூப்பிடவில்லை. வழக்கம்போல் அவனாகத்தான் வந்தான். கரண்டியை விட்டு, நக்கி, மறுபடி விட்டு, மறுபடி நக்கினான். புருவத்தைத் தூக்கினான்.

“இன்னிக்கு உப்பு கரெக்டு! என்னடி ஜானு, நாக்கு முளைச்சாச்சோ?”

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமினான். கழுத்தைச் சொறிந்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: “இதுல அண்டிப்பருப்பு உண்டோ?”

“மைதா” என்றேன். மைதாவும் இருந்தது.

அவன் நம்பினான். முந்திரி பட்டுவிட்டால் போட்டுக்கொள்ள அவன் எப்போதும் வைத்திருக்கும் ஊசிமருந்து பைக்குள் இருந்தது. பை ஆணியில் தொங்கியது. அதை எடுக்காமல், மிளகு ஏறிவிட்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டு, காற்றுக்காக மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். நான் இறைச்சியை அறுத்தேன். உள்ளே ஒரே சீரான இளஞ்சிவப்பு, ஓரத்திலிருந்து ஓரம்வரை. அதைக் காட்ட அங்கே விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆர்ஷா படியிலிருந்து கத்தியபோது கடைசித் துண்டு பாக்கி இருந்தது. அறுத்து முடித்துவிட்டுப் போனேன்.

ஆட்டோவில் டீச்சரும் நானும் அவனைப் பிடித்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். அவன் அம்மாவும் அப்போதுதான் நனைந்த தலையோடு வந்து நின்றாள். “பீஃப்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். டீச்சர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவன் தொடமாட்டானேம்மா, நோக்குத் தெரியாதா” என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைச் சமாதானப்படுத்துவதிலேயே எல்லோருக்கும் நேரம் போய்விட்டது. சாஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அங்கே விருந்துக்கு வந்தவர்கள் காகிதத் தொப்பியோடு காத்திருந்தார்களாம். விஷயம் தெரிவதற்குமுன் ஆர்ஷா பரிமாறிவிட்டாள். கப்பல்காரர் சாஸை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாராம். மிஞ்சியதைத்தான் நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள்.

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நேற்று மேஜைமேல் உங்கள் ரிப்போர்ட் விரித்தபடி இருந்தது. அதில் “கவனக்குறைவால் நேர்ந்த மரணம்” என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கவனக்குறைவு அவனுடையது, டீச்சருடையது, மற்றவர்களுடையது. என்னுடையது அல்ல. அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். முந்திரியை எடைபோட்டு, தோல் துணுக்கு இல்லாமல் பொறுக்கி, இரண்டு தடவை வடிகட்டி விட்டேன். பிரணவ் செத்தது என் கையால். என் கை தவறியதால் அல்ல.

இனி அந்தக் கரண்டி. பிரணவுடையது மரக்கரண்டி, அது உங்களுக்குத் தெரியும். ஸ்டீல் கரண்டி என்னுடையது. முந்திரி நாக்குக்குத் தெரிகிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். அவனைப் பார்க்கச் சொல்ல முடியாது. சமையலறையில் யாரும் இல்லாதபோது ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். முந்திரி தெரியவில்லை. உப்பு குறைவாக இருந்தது. அதில் அவன் வருஷமெல்லாம் சொன்னது சரிதான். ஒரு சிட்டிகை சேர்த்தேன், எடைபோடாமல். பிறகு இன்னொரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன். அதற்குத் தேவை எதுவும் இருக்கவில்லை.

மேடம், சாயங்காலம் அப்பா வருவார். பிரணவ் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கரண்டி விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.