விளக்குப் பெட்டி ஓட்டை

கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். இமையைத் திறந்தாலும் வலி, மூடினாலும் வலி. ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சு, ஆளில்லாத ரோட்டுல சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நெல்லித்தோப்புக்கு வருவான் கோவிந்தராசு. என் தங்கச்சி தையல்நாயகியோட புருஷன். இது நடந்தது எழுபத்தெட்டாம் வருசம். தங்கச்சி அப்ப கைப்புள்ளைக்காரி. அவ தாய்ப்பாலைக் கண்ணுல பீச்சிவிட்டாதான் இவனுக்குத் தூக்கம்.

"புள்ளைக்குப் பாதி, புருஷனுக்குப் பாதியா?"

சிரி பக்கிரி, சிரி. தேங்காய்த்திட்டுக்குப் படகு வர இன்னும் நேரம் கிடக்கு. கூடையைக் கவுத்துப் போட்டு உக்காரு.

அவன் சினிமாக் கொட்டகை ஆபரேட்டர். மிஷினுக்குப் பின்னால விளக்குப் பெட்டி. உள்ளே ரெண்டு கரிக்குச்சி முனைக்கு முனை எரியும். அந்த வெளிச்சத்தை ஒரு குழிக்கண்ணாடி வாங்கி படச்சுருள் மேல தள்ளும். அதைத் திருப்புற குமிழைத் துளி திருகினா வெளிச்சம் நகரும். கொஞ்சம் தப்பினா திரையில ஒரு மூலை இருட்டு, தரை டிக்கெட் முழுக்க விசில். அதனால நெருப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். பார்க்கப் பெட்டிக் கதவுல ஒரு ஓட்டை, அதுல கறுப்புக் கண்ணாடி. அது உடைஞ்சு போச்சு. முதலாளி வேற வாங்கல. "ஓரக்கண்ணால பாருடா"ன்னுட்டாரு.

இவனுக்கு முன்னாடி இருந்தவரு ஆதிமூலம் அண்ணன், வாயில எப்பவும் பீடி. கண்ணாடி கேட்டுக் கேட்டு அலுத்து, ஓரக்கண்ணால பார்த்துப் பார்த்தே பார்வை போச்சு. வேலையும் போச்சு. தட்டுத் தடுமாறி ரோட்டைக் கடந்தவரை லாரி அடிச்சுது.

அவரு செத்து முப்பதாம் நாள் காரியம் முடிஞ்ச ராத்திரி... திரை இடப்பக்கம் இருண்டுது. கோவிந்தராசு குமிழைத் திருகினான். சரியாச்சு. கையை எடுத்தான். மறுபடி இருட்டு. குமிழை இறுக்கிப் பிடிச்சான்... விரலுக்கடியில அது தானா எதிர்ப்பக்கம் திரும்புது. கிர்ர்... கிர்ர்... கரி நாத்தத்தோட பீடி வாடை. இவன் பீடி பிடிக்கிறவன் இல்ல.

கீழே விசில். முதலாளி தடதடன்னு ஏறி வந்தாரு. "திரையை இருட்டாக்கிட்டு என்னடா புடுங்குற? நாளைக்கு வேலைக்கு வராதே!"

சொல்லி வாய் மூடல. கதவு ஓட்டை வழியா ஈர்க்குச்சி கனத்துல ஒரு வெளிச்சம் வந்து அவர் கண்ணுல குத்துச்சு. நகர்ந்தாரு. நகர்ந்துது. குனிஞ்சாரு. குனிஞ்சுது. கையால மறைச்சாரு... விரல் சந்துல புகுந்துது.

"அணைடா!"

ஸ்விட்சை இழுத்தான். கரி அணைஞ்சுது. மிஷின் ஓய்ஞ்சுது. வெளிச்சம் அணையல.

கோவிந்தராசுக்கு அதோட பயம் விட்டுப்போச்சு. கையைக் கட்டிக்கிட்டு நின்னான். "நான் திருப்பல முதலாளி. கண்ணாடி கேட்டவரு திருப்புறாரு. ஓரக்கண்ணால பாருங்க."

"வாங்கித் தர்றேன்... ஆதிமூலம், நாளைக்கே வாங்கித் தர்றேன்!"

பொசுக்குன்னு இருட்டு.

மறுநாள் வந்தது கண்ணாடி இல்ல. ஓட்டையை அடைக்கத் தகரத் துண்டு. கோவிந்தராசு அதை அவர் மேசையில விட்டெறிஞ்சான். "கண்ணாடி வராம கரி எரியாது." இறங்கிட்டான். ஊர்ல வேற எந்த ஆபரேட்டரும் அங்க ஏறல. கொட்டகையை மூடியாச்சு. மிஷினைக் கழட்டி வித்தாச்சு. கரண்டும் வெட்டியாச்சு.

இப்பவும் ரெண்டாவது ஆட்ட நேரத்துக்கு அந்தத் தெருவுல போய் நில்லு, பக்கிரி. காலி கேபின்ல இருந்து ஈர்க்குச்சி கனத்துல ஒண்ணு கிளம்பும். நேரா எதிர்வீட்டு மாடிக்கு... முதலாளி படுக்கிற ரூம். ஜன்னலைச் செங்கல் வச்சு அடைச்சுட்டாரு. விடியக்காலம் மாடி ஏறித் தொட்டுப் பாரு. வெளிச்சம் குத்துற அந்த ஒரு செங்கல் மட்டும் சுடும்.

ஆதிமூலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி பாக்கி.