நேரா வர்ற ஃப்ளைட்

— ரெண்டு ஃப்ளைட் இருக்குண்ணா. கவுன்ட்டர்லதான் நிக்கிறேன், சீக்கிரம் சொல்லு. ஒண்ணு இப்பவே கிளம்புது, நடுவுல ஓர் ஊர்ல இறங்கி மாறணும். இன்னொண்ணு நாலு மணி நேரம் கழிச்சு, நேரா வருது.

— எது முந்தி வரும்?

— மாறி வர்றதுதான். ரெண்டு மணி நேரம் முந்தி.

— மாறுற இடத்துல எவ்வளவு நேரம்?

— அதுவும் ரெண்டு மணி நேரம். அங்கேருந்து உனக்குப் போன் பண்ணலாம், அப்பாவைப் பத்தி டாக்டர்கிட்டயும் பேசலாம்.

— பாரு பாப்பா, முதல் ஃப்ளைட் லேட்டானா அடுத்தது போயிடும். தெரியாத ஊர்ல அம்போன்னு நிப்ப. நேரா வர்றதுல ஏறினா தூங்கிட்டே வந்து இறங்கலாம்.

— அதுவும் சரிதான். ஆனா பதினாறு மணி நேரம்ணா! நடுவுல ஒண்ணுமே தெரியாது. பழைய விமானமாம், இன்டர்நெட்டே கிடையாதாம்.

— கிடையாதா? நல்லா விசாரிச்சியா?

— கேட்டுட்டேன். என்ன பண்ணட்டும், சொல்லேன்.

— முடிவு உன்னுது. அப்புறம் அண்ணன் சொல்லித்தான் ஏறினேன்னு பேச்சு வரக்கூடாது.

— சே, என்னண்ணா இது. சரி, நேரா வர்றதுலயே வர்றேன்.

*

— அண்ணா, சீட்ல உட்கார்ந்துட்டேன். அப்பா எப்படி இருக்கார்?

— அப்படியேதான். மெஷின் மூச்சு விடுது, அவர் படுத்திருக்கார்.

— முன்னாடி திரையில பதிமூணாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்னு காட்டுது. நான் வர்ற வரைக்கும் மெஷினை எடுக்கக் கூடாது. டாக்டர்கிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன்.

— சொன்னார், சொன்னார். கிட்ட இருக்கிறவன் பேச்சு எடுபடுமா? போன்ல பேசுறவ சொல்றதுதான் சட்டம்.

— கோச்சுக்காதேண்ணா, ப்ளீஸ். போனை அவர் காதுல வை... அப்பா, பாப்பா வர்றேன்பா. போயிடாதீங்கப்பா... அண்ணா, ஏதாவது அசைஞ்சாரா?

— இமை லேசா ஆடிச்சு.

— நிஜமாவா? எனக்காகத்தான்ணா இழுத்துப் பிடிச்சிட்டிருக்கார்! ஐயோ, போனை அணைக்கச் சொல்றாங்க. வச்சிடறேன்.

— நிம்மதியா தூங்கு, பாப்பா.

*

— ஏங்க, இமை எங்கங்க ஆடிச்சு? நானும் பக்கத்துலதானே நிக்கிறேன்?

— ஆடல. நீ போய் டாக்டரைக் கூட்டிட்டு வா. அவளைப் போன்ல பிடிக்க முடியலன்னா, மெஷினை எடுக்க நான் மட்டும் சொன்னாப் போதும்னார்ல? இப்போ பிடிச்சுப் பார்க்கச் சொல்லு.

— அதுக்காகத்தான் நேரா வரச் சொன்னீங்களா? பாவங்க அவ. மாமா பிழைக்கப் போறதில்ல, சரி. ஒரு நாள்தானே, உசுரோட ஒரு தடவை பார்த்துக்கட்டுமே.

— ஆறு வருஷம் குளிப்பாட்டி, துடைச்சு, சோறு ஊட்டினது நான். நினைவு தப்புற வரைக்கும் அவர் கேட்டது 'பாப்பா எப்ப வர்றா', அது ஒண்ணுதான். என்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நீ சாப்பிட்டியாடா'ன்னு கேட்டிருப்பாரா? எனக்கு எரியுதுடி.

— அவ வந்து இறங்கி, குய்யோ முறையோன்னு அழுவாளே. அவகிட்ட என்ன சொல்லுவீங்க?

— இப்போதான், ஒரு மணி நேரம் முந்திதான் போனார்னு சொல்லுவேன். 'அந்த இன்னொரு ஃப்ளைட்ல ஏறியிருந்தா பார்த்திருக்கலாமே, பாப்பா'ன்னு சொல்லுவேன்.