வடகவுஞ்சியில் தீயை வைத்தது நான்

கொடைக்கானல் நீதித்துறை நடுவர் முன்பாக 28.04.2025 திங்கட்கிழமை காலை 11.20 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: அப்துல் சலாம். தகப்பனார்: செய்யது மீரான். வயது: 59. தொழில்: தைலக் கடை. முகவரி: பள்ளிவாசல் பின்தெரு, பஜார், கொடைக்கானல்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி மஹ்ஜபினுடன் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பயன்படும் என்றும் நடுவர் அவர்கள் சொல்லி, யோசிப்பதற்கு மூன்று நாள் அவகாசமும் கொடுத்தார்கள். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பஜாரில் உள்ள கடை போக, வடகவுஞ்சியில் ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மலைப்பூண்டு போட்டு வந்தேன். நிலத்தின் மேல் எல்லையில் புதர் மண்டி, அதில் காட்டுப்பன்றிகள் வந்து தங்கின. 09.03.2021 செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி அளவில் நான் மட்டும் தனியாக அங்கே போய், காய்ந்த புல்லில் தீ வைத்தேன். கோடையில் காட்டு ஓரம் தீ வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சற்று நேரத்தில் காற்று திரும்பி, தீ எல்லையைத் தாண்டி மேலே காட்டுக்குள் ஏறிவிட்டது. நான் மேல்துண்டால் அடித்துப் பார்த்தேன், முடியவில்லை. அதன் பிறகு ரோட்டுக்கு இறங்கி வந்து நின்றுகொண்டேன்.

அப்போது வனத்துறையில் தற்காலிகத் தீத்தடுப்புக் காவலராக இருந்த திருமலைச்சாமி என்பவர் புகையைப் பார்த்து ஓடி வந்து, பச்சைக் கிளையை முறித்துக்கொண்டு தனி ஆளாக உள்ளே போனார். அவர் வடகவுஞ்சிக்காரர், எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு மணி நேரம் கழித்து வனவரும் ஆட்களும் வந்து சேர்ந்தபோது, திருமலைச்சாமி புருவம் கருகி, இரண்டு கையும் கரியாக மேலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கேட்டார். வனவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "யாரு வச்சது பாய், பாத்தீங்களா?" என்று கேட்டார். நான், "அந்தா தண்ணி குடிக்கிறாரே, அவருதான் பீடியக் குடிச்சுட்டுப் போட்டாரு" என்று சொன்னேன். திருமலைச்சாமிக்குப் பீடிப் பழக்கம் கிடையாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்; தெரிந்தே பொய் சொன்னேன். அதன் பிறகு அதையே எழுத்து மூலமாகவும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

தீ மூன்று நாள் எரிந்தது. நான்காம் நாள் நிலத்தைப் பார்க்கப் போனேன். மேலே சாம்பலுக்குள் காட்டுக்கோழி முட்டைகள் ஏழு, வெந்து வெடித்துக் கிடந்தன. திருமலைச்சாமி பத்தொன்பது நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார், அவருடைய வேலையும் போனது, வழக்கு இன்னும் நடக்கிறது. சரிவில் மரம் போனதால் அடுத்த கோடையில் ஊற்று வற்றி, அந்தப் பக்கத்துப் பதினோரு வீட்டுப் பெண்களும் ஒரு கிலோமீட்டர் இறங்கிப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். நான் குத்தகையை விட்டுவிட்டேன். பன்றித் தொல்லை என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன்.

எனக்கு வெளிப்படையாக எந்தக் கெடுதலும் வரவில்லை. வந்திருந்தால் அப்போதே பயந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. தொழுகையில் நேரான வழியைக் காட்டு என்று ஓதும் இடம் வரும்போதெல்லாம் நாக்கு தடுமாறியது. அதனால் முதலில் விடியற்காலை சுபுஹுத் தொழுகையை விட்டேன். அதன் பிறகு ஒவ்வொன்றாக விட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் ஊருக்காகப் பள்ளிவாசலுக்குப் போனேன். தைலத்தில் மட்ட எண்ணெய் கலந்து, சுத்தமான தைலம் என்று வாய் கூசாமல் விற்றேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் மகள் அஸ்ஃபியா ஒரு நாள் கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத்தா, முன்னெல்லாம் ஒங்களுக்குப் பொய் சொல்லவே வராது" என்றாள். நான் அவளை வாடிக்கையாளர்கள் முன்னால் வைத்துத் திட்டினேன். அதன் பிறகு அவள் கடைக்கு வருவதில்லை.

இந்த வருடம் எனக்கும் என் மனைவிக்கும் ஹஜ் பயணம் அமைந்தது. போய் வந்தால் எல்லாம் கழுவப்பட்டுவிடும், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். புறப்படும் முன் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் போய், செய்த தவறு ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழக்கம். திருமலைச்சாமி வீட்டை விட்டுவிடத்தான் நினைத்தேன். என் மனைவிதான், "அவுகளையும் பாத்துச் சொல்லிட்டு வந்துருங்க, பாவப்பட்ட மனுசன்" என்று அனுப்பி வைத்தாள். அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது.

17.04.2025 வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வடகவுஞ்சியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காளியாயி பாய் விரித்து, கடுங்காப்பி கொடுத்தார். நான் எல்லா வீட்டிலும் சொன்னது போலவே, "ஏதும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க" என்றேன். திருமலைச்சாமி சிரித்துவிட்டு, "நீங்க என்ன பாய் தப்பு செஞ்சீங்க? அந்தச் சாட்சி சொன்னதையா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? பொகையில ஆளு மாறித் தெரிஞ்சிருக்கும். நான் அத அன்னைக்கே விட்டுட்டேன்" என்றார். அதன் பிறகு அவர், "மக்காவுல போயி எனக்காக ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இந்தக் கேசு சீக்கிரம் முடியணும்னு கேளுங்க. ஒங்க சாமி கேக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பழனியிலிருந்து வந்த பஸ் நின்றது, கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் ஏறவில்லை. அந்த மனிதர் இறைவனிடம் கேட்கச் சொன்ன காரியம் என் வாயில் இருந்தது. அதை நான்கு வருடம் பூட்டி வைத்துக்கொண்டு, மக்காவில் போய் எந்த முகத்தோடு கை ஏந்துவது என்று தோன்றியது. பஸ் போன பிறகு திரும்ப மேலே ஏறிப் போய், வாசலில் நின்றபடியே இருவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

திருமலைச்சாமி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். காளியாயி, "மாசாமாசம் இவரு சட்டையத் தொவச்சு மாட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு அனுப்புறேன் பாய். நாலு வருசம்" என்றார். கால் மணி நேரம் கழித்துத் திருமலைச்சாமி வந்து, "இத எங்கிட்டச் சொன்னீங்க. அங்க வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். சொல்வேன் என்றேன். "மன்னிச்சேன்னு இப்ப எனக்குச் சொல்ல வரல. ஆனா நானும் கூட வாரேன். ஒத்தையில போனா பயந்துக்கிட்டுத் திரும்பிருவீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னபோது, அவள் பயணத்துக்கு அடுக்கிய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "இதோட என்னையும் கூட்டிக்கிட்டு அங்க போகப் பாத்தீங்களே" என்றாள். அதன் பிறகு முகம் கழுவி, தொழுகைக்கு ஒளு செய்து வந்து, "அல்லாவுக்குச் செஞ்சத அல்லா மன்னிப்பான். அந்த மனுசனுக்குச் செஞ்சத மொதல்ல சரி பண்ணுங்க. மக்கா எங்கயும் போயிராது" என்று சொல்லிப் பெட்டியைப் பிரித்தாள். மறுநாள் பயணத்தை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தோம். கடையில் இருந்த கலப்படத் தைலம் முழுவதையும் அழித்துவிட்டேன். 21.04.2025 திங்கட்கிழமை வக்கீல் மூலமாக இந்த நீதிமன்றத்தில் மனு கொடுத்தேன்.

வழக்குக்குத் தேவையில்லை என்றாலும் ஒன்றைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று பஸ்ஸில் ஏறியிருந்தால், நான் இதோடுதான் செத்திருப்பேன். ஏறவிடாமல் தடுத்த இறைவனுக்கு நன்றி சொல்கிறேன். நான் ஒளித்த நான்கு வருடமும் அவன் என்னை உயிரோடு விட்டு வைத்தான். வியாழக்கிழமை இரவு பல நாளைக்குப் பிறகு தொழுகையில் நின்றபோது நாக்கு தடுமாறவில்லை. வர இருக்கும் தண்டனையை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அன்றிலிருந்து தூங்குகிறேன். அஸ்ஃபியா நேற்று வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். திருமலைச்சாமி சொன்னபடியே இன்று வெள்ளனே வந்து என்னோடு இந்தக் கட்டடத்துக்கு நடந்து வந்தார். இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார். இத்தனைக்கும் நான் தகுதியானவன் இல்லை.

மேற்கண்டவற்றை யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் உட்படாமல், சுயநினைவோடு சொல்லியிருக்கிறேன். எழுத்தர் எனக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினார். திருமலைச்சாமியைப் பற்றிய இடத்தில் "தவறுதலாகச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தது. "தெரிந்தே பொய் சொன்னேன்" என்று திருத்தும்படி கேட்டேன். திருத்தி, மறுபடி வாசித்துக் காட்டினார்கள். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
அப்துல் சலாம்